கீச்சிடும் கினி பிக்கும் காலைக் கீரைக்கட்டும்

கேள்வி: வீட்டில் இரண்டு பெண் கினி பிக் வளர்க்கிறோம். மூத்ததன் பெயர் பஞ்சு. வயது மூன்று, எடை 950 கிராம். பத்து நாளாகச் சிறுநீர் போகும்போதெல்லாம் முதுகைக் கூனிக்கொண்டு கீச்சென்று கத்துகிறது. விரிப்பில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு முறை இளஞ்சிவப்பாகவும் இருந்தது. பக்கத்து டாக்டர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார். சரியானது போல இருந்தது, மருந்தை நிறுத்திய நாலாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. காலையில் முருங்கைக்கீரை அல்லது சிறுகீரை கொடுப்போம், வாரத்தில் இரண்டு நாள் அகத்தி. மற்றபடி முயல் பெல்லட், கேரட், போர் தண்ணீர். குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருக்கிறது, கொடுக்கலாமா? கல்லாக இருந்தால் வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா? தண்ணீரை மாற்ற வேண்டுமா?

பதில்:

முதலில் அந்த சிரப்பை எடுத்து உள்ளே வையுங்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளின்டாமைசின், எரித்ரோமைசின், வாய்வழி கொடுக்கும் செஃபலோஸ்போரின் வகைகள் எல்லாமே கினி பிக்குக்கு ஆபத்தானவை. இதன் செரிமானம் குடலில் வாழும் கிருமிகளை நம்பியே நடக்கிறது. இந்த மருந்துகள் அந்த நல்ல கிருமிகளைக் கொல்லும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நச்சைச் சுரக்கும். பிறகு வயிற்றுப்போக்கு, சில நாளில் சாவு. சிறுநீர்த் தொற்றுக்கு இதற்குப் பெரும்பாலும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா அல்லது என்ரோஃப்ளாக்ஸாசின் கொடுப்பார்கள். அதையும் எடை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிக்கான மெலாக்ஸிகாமும் அப்படியே. பஞ்சுவின் எடைக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மி.கி. வரை போதும். மெடிக்கலில் கிடைப்பதோ மனிதர்களுக்கான 7.5 மி.கி. மாத்திரை. அதை உடைத்துக் கண்ணளவாகக் கொடுத்தால் அளவு தப்பிச் சிறுநீரகம் கெடும்.

அடுத்து, இது அவசரமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று பார்த்துவிடுங்கள். பஞ்சுவைத் தனியாக ஒரு வெள்ளைத் துணியில் விட்டு நாலு மணி நேரம் கவனியுங்கள். துணி நனைகிறது, புல்லைக் கடிக்கிறது என்றால் நாளைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். முக்கி முக்கியும் துணி நனையவில்லை, அடிவயிறு பந்து போல இறுகியிருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, அரை நாளாக எதையும் வாயில் வைக்கவில்லை என்றால் ராத்திரியானாலும் கிளம்புங்கள். அடைப்பு என்பது மணிக்கணக்கில் உயிரை வாங்கும் விஷயம். ஆணுக்குச் சிறுநீர்த்தாரை நீளமும் குறுகலுமாக இருப்பதால் அது அடிக்கடி அடைபடும். பெண்ணுக்குத் தாரை குட்டையும் அகலமுமானது என்பதால் சிறிய கல் தானாக வெளியே வர வாய்ப்புண்டு. ஆனால் வாசலில் வந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே வெள்ளையாகக் கல் தெரிந்தால் பட்ஸ், ட்வீசர் என்று எதையும் வைத்து நோண்ட வேண்டாம். கல்லின் முள் தசையைக் கிழிக்கும்.

விரிப்பில் வெள்ளைப் படிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டுமே இருந்தால் நோய் என்று சொல்ல மாட்டேன். நாம் தேவையான கால்சியத்தை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை மலத்தில் தள்ளுகிறோம். கினி பிக்குக்கும் முயலுக்கும் உடல் வேறு விதம். தின்றதில் உள்ள கால்சியத்தைத் தாராளமாக உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதனால் நன்றாக இருக்கும் கினி பிக்கின் சிறுநீர்கூடக் கலங்கலாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதன் சிறுநீர் காரத்தன்மை கொண்டது, பி.எச். 8 முதல் 9 வரை. கார நீரில் கால்சியம் கார்பனேட் கரையாமல் படியும். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்த பிறகு என்ன ஆகிறதோ, அதே பொருள்தான். காய்ந்த படிவை விரலில் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழவழப்பாக இருந்தால் இயல்பு. மணல் போல நறநறத்தாலும், ஈரத்திலேயே பற்பசை போலக் கெட்டியாக வந்தாலும் சிறுநீர்ப்பையில் சேறு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு வலியில் கத்துவதால் படிவு எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

லேப் ரிப்போர்ட்டிலும் இதே குழப்பம் வரும். கிறிஸ்டல் நிறைய இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். மனிதருக்கு அது எச்சரிக்கை, கினி பிக்குக்கு அன்றாடம்.

சிவப்பு நிறத்துக்கு வருவோம். பீட்ரூட், கேரட் தின்றாலும் சிறுநீர் நிறம் மாறும். வெளியே வந்த சிறுநீர் காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறுவதும் உண்டு. ரத்தம்தானா என்று பார்க்க மெடிக்கலில் கிடைக்கும் யூரின் ஸ்ட்ரிப் போதும். துணி போடாத பிளாஸ்டிக் தொட்டியில் பஞ்சுவைக் கொஞ்ச நேரம் விட்டு, சிறுநீர் விட்டவுடன் ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். ஒரு மில்லி கிடைத்தால் போதும். ஸ்ட்ரிப்பில் ரத்தம் காட்டினாலும் அது எங்கிருந்து வந்தது என்று ஸ்ட்ரிப் சொல்லாது. கருப்பை எடுக்காத மூன்று வயதுப் பெண்ணுக்குக் கருப்பையிலிருந்தும் ரத்தம் வரலாம். இந்த வயதில் சூலகக் கட்டிகள் மிகச் சாதாரணம். அதனால் ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீர்ப்பையோடு கருப்பையையும் சூலகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி: மருந்து கொடுத்தபோது சரியானது, நிறுத்தியதும் திரும்பியது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஐந்து நாள் போதாது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது மருந்து ஓட வேண்டும். இன்னொன்று, உள்ளே கல் இருக்கிறது. கல் உரசிய இடத்தில் கிருமி ஏறும், மருந்து கிருமியை அடக்கும், கல் அப்படியே கிடக்கும். மருந்து நின்றதும் கதை முதலிலிருந்து தொடங்கும். எனவே இன்னொரு ஆன்டிபயாடிக் என்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு எக்ஸ்ரேயை எடுங்கள்.

கினி பிக்கின் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். படம் எடுப்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று என இரண்டு கோணம் வேண்டும். படம் நெஞ்சுக்குக் கீழே தொடங்கிப் பின்புறத்தின் கடைசி வரை விழ வேண்டும். வயிறு மட்டும் என்று இடுப்போடு வெட்டிவிட்டால், தாரையின் நுனியில் கிடக்கும் கல் படத்திலேயே வராது. பெண் கினி பிக்கில் கல் மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான். பக்கத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. கிளம்பும் முன் போனில் கினி பிக் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய கைக்கு இந்தச் சின்ன உடம்பு புதிது.

தொற்று எந்தக் கிருமியால் என்று கல்ச்சர் வைப்பதானால், தரையில் விட்ட சிறுநீர் உதவாது. பெண் கினி பிக்குக்குச் சிறுநீர் வாசலும் ஆசனவாயும் நெருக்கமாக இருப்பதால் புழுக்கையிலுள்ள கிருமியே அதில் கலந்திருக்கும். ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் நேரே பையிலிருந்து எடுக்க வேண்டும்.

படத்தில் என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு வழி. சேறு மட்டும் என்றால் தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலி மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மயக்கத்தில் பையைக் கழுவிவிடுவார்கள். பெண்ணுக்கு நாலைந்து மில்லிமீட்டருக்குள் உள்ள கல் தாரைக்கு வந்திருந்தால், மயக்கம் கொடுத்து வாசல் வழியாகவே எடுக்கலாம். அதைவிடப் பெரியது பையில் இருந்தால் அறுவைதான். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் கல் நின்றால் நிலைமை கடினம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்ற வகையும் உண்டு. பையின் உட்சுவர் காரணமில்லாமல் புண்ணாகியிருக்கும். அதற்கு வலி மருந்தும் தண்ணீரும்தான் அடிப்படை. சிலர் குளுக்கோசமைன் சேர்ப்பார்கள். சில பிராணிகளுக்குக் கேட்கிறது, எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று சொல்வதற்கில்லை.

அறுவை என்றானால் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்லி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கினி பிக்குக்கு வாந்தி வராது, குடல் நின்றால் உயிர் போகும். மயக்கத்துக்குச் சற்று முன் வரை புல் இருக்கலாம், வாயை மட்டும் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். வாயு மயக்கமா, அறுவைக்குப் பின் எத்தனை நாள் வலி மருந்து என்பதையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தானாகத் தின்னும் வரை, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்த பெல்லட்டை சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். பஞ்சுவின் எடைக்கு நாள் முழுதுக்கும் 50 முதல் 75 மில்லி, அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் கன்னத்தின் பக்கமாக நுனியை வைத்து, அரை மில்லி தள்ளி, மென்று விழுங்கிய பிறகு அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும்.

வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்டீர்கள். நெருஞ்சில், சிறுபீளை பற்றியும் அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கால்சியம் கார்பனேட் கல் அமிலத்தில்தான் கரையும். புல் தின்னும் பிராணியின் சிறுநீரை அமிலமாக்க முடியாது, எலுமிச்சையும் வினிகரும் கொடுத்து முயன்றால் வயிறுதான் கெடும். எந்தச் சாறும் இந்தக் கல்லைக் கரைக்காது. தாரை அடைத்திருக்கும் நேரத்தில் சிறுநீரைப் பெருக்குகிறேன் என்று சாற்றைப் புகட்டினால் பை வெடிக்கும் அபாயமும் இருக்கிறது. பார்லி கஞ்சியும் வேண்டாம், மாவுச்சத்து குடலில் புளித்து வயிறு ஊதும்.

இப்போது சாப்பாட்டுத் தட்டு. நீங்கள் அன்போடு கொடுத்ததெல்லாம் நம் வீட்டில் சத்தான கீரை என்று பெயர் வாங்கியவை. சத்து என்பதில் பெரும்பங்கு கால்சியம்தான். 100 கிராம் அகத்தியில் ஏறத்தாழ ஆயிரம் மி.கி. கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300 முதல் 440 வரை. சிறுகீரை, அரைக்கீரை வகைகளும் 200-க்குக் கீழே வருவதில்லை, அவற்றோடு ஆக்சலேட்டும் உண்டு. கறிவேப்பிலையும் இதே பட்டியல்தான். வெள்ளரி, குடைமிளகாய், சுரைக்காய், கொய்யா எல்லாம் 100 கிராமுக்கு 10 முதல் 25 மி.கி. அளவில் நின்றுவிடும். முயல் பெல்லட்டில் பல பிராண்டுகள் குதிரை மசால் என்ற பயறு இனத் தீவனப் பயிரைச் சேர்த்துச் செய்தவை. குதிரை மசாலின் உலர் எடையில் கால்சியம் ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் போகும், புல்லில் அரை சதவீதத்தையொட்டி இருக்கும். வளரும் குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் குதிரை மசால் நல்லது. ஆறு மாதம் தாண்டியதற்கு வேண்டாம். வேலிமசாலும் பயறு இனம், அதையும் அதே கணக்கில் வையுங்கள்.

தண்ணீர்க் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பஞ்சு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி குடிக்கும். உங்கள் போர் தண்ணீர் உப்புப் படியும் கடின நீர், லிட்டருக்கு 150 மி.கி. கால்சியம் என்றே வைப்போம். 100 மில்லியில் 15 மி.கி. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் முருங்கைக்கீரையில் 90 மி.கி.க்குக் குறையாது. கல்லுக்குத் தண்ணீரைக் குறை சொல்வது கீரையைத் தப்பவிடுவதற்குச் சமம். ஆர்.ஓ. தண்ணீர் வீட்டில் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் வருந்த வேண்டாம். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் கேள்வி. போர் தண்ணீர் செய்யும் உண்மையான கெடுதல் வேறு: பாட்டில் முனையிலுள்ள குண்டில் உப்பு ஏறி அது சிக்கிக்கொள்ளும், பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் பிராணி தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் குண்டைத் தட்டி நீர் வருகிறதா பாருங்கள். வாரம் ஒருமுறை முனையை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பாட்டிலோடு, கவிழாத கனமான பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளந்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியும். இரண்டும் ஒரே கூண்டில் இருந்தால் கணக்கு கலந்துவிடும், ஒரு நாள் மட்டும் நடுவே கம்பி வைத்துப் பிரித்து வையுங்கள். இலைதழையைக் கழுவி உதறாமல் ஈரத்தோடு கொடுப்பதும் தண்ணீர் கொடுப்பதே. பங்குனி, சித்திரை வெயிலில் உடம்பு வற்றிச் சிறுநீர் கெட்டியாகும். அறை 28 டிகிரிக்கு மேல் போனால் உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வையுங்கள்.

புதிய தட்டு இப்படி இருக்கட்டும். எந்நேரமும் புல். திமோதி வைக்கோல் இணையத்தில் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால் அருகம்புல் நம்மிடம் உள்ள மிக நல்ல மாற்று. பூக்கடையில் பிள்ளையாருக்குக் கட்டி வைத்தது சில நேரம் உள்ளே புழுங்கிப்போயிருக்கும், பிரித்து மோந்து பார்த்து வாங்குங்கள். சாலையோரத்தில் பறித்தது வேண்டாம். மக்காச்சோளத்தின் இலையும் மேலுறையும் நல்லவை. கோ-4, கோ-5 தீவனப்புல்லில் ஆக்சலேட் உண்டு என்பதால் அதையே முழு உணவாக்காமல் அருகோடு கலந்து கொடுக்கலாம். இளஞ்சோளப்பயிர் மாட்டுக்கே நச்சு, கிட்டவே வேண்டாம். நெல் வைக்கோல் படுக்கைக்குச் சரி, உணவுக்குப் போதாது.

காய்கறி நாளொன்றுக்கு ஒரு கிண்ணம்: வெள்ளரி 30 கிராம், குடைமிளகாய் 20 கிராம், லெட்யூஸ் இரண்டு இலை, கொத்தமல்லி நாலைந்து தண்டு. கொய்யா 10 கிராம் துண்டு ஒன்று கொடுத்தால் வைட்டமின் சி சுமார் 20 மி.கி. கிடைக்கும். கினி பிக்கின் உடல் அதைத் தானே தயாரிக்காது. நலமாக இருக்கும்போது கிலோவுக்கு 10 மி.கி., நோயில் 30 வரை தேவை. மென்று தின்னும் 500 மி.கி. மாத்திரையை அப்படியே கொடுக்காதீர்கள், அது பதினைந்து நாள் தேவைக்கும் மேல். மிஞ்சும் வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும், ருசி மாறியதால் தண்ணீரும் குடிக்காது. பெல்லட் ஒரு மேசைக்கரண்டி மட்டும், புல் அடிப்படையிலான கினி பிக் பெல்லட்டாக இருக்கட்டும். பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். ஒரேயடியாக மாற்றினால் குடல் முரண்டு பிடிக்கும்.

அதற்காகக் கால்சியத்தை அடியோடு நிறுத்தவும் கூடாது. கேரட்டும் தானியமும் மட்டுமே கொடுத்தால் பாஸ்பரஸ் மேலோங்கி எலும்பும் பல்லும் கெடும், உடலின் வேறு இடங்களில் சுண்ணாம்பு படியும். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரைப் பங்கு இருப்பது நல்லது. புல்லை வயிறு நிறையத் தின்றால் அந்தக் கணக்கு ஏறத்தாழ தானாக அமைந்துவிடும். முருங்கையை மாதம் ஒருமுறை இரண்டு இணுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அகத்தியை மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

விரிப்பை தினமும் மாற்றுங்கள். பின்புறம் நனைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாக ஈரம் ஒற்றியெடுங்கள். பவுடர், டெட்டால் வேண்டாம். ஈரத்தோடு விட்டால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். குண்டாகி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிராணிக்குச் சேறு பையின் அடியில் தங்கும். தினம் இரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓடவிடுங்கள்.

இளையதையும் இதே தட்டுக்கு மாற்றுங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை, ஆனால் ஒரே கீரையைத் தின்றதால் அதற்கும் ஆபத்து உண்டு. பிரித்து வைக்கத் தேவையில்லை, தனிமையில் பஞ்சு தின்பதைக் குறைத்துவிடும். சமையலறைத் தராசில் வாரம் இருமுறை ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். 50 கிராம் குறைந்தால் உன்னிப்பாகக் கவனியுங்கள், 95 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கல் எடுத்த பிறகும் மீண்டும் வரும் நோய் இது. ஆறு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருடம் பாருங்கள். அப்படியும் திரும்பினால் பொட்டாசியம் சிட்ரேட், சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அப்போது எடை எழுதிய நோட்டு, அன்றாட உணவுப் பட்டியல், பழைய எக்ஸ்ரே மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.